மெட்டு அதேதான், வாத்தியம்தான் மாறுகிறது

சினிமாவுக்கு இசையமைப்பவருக்கு ஒரு வசதி உண்டு. கதாநாயகி கதவைத் திறப்பது எத்தனையாவது நொடியில் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். கேமுக்கு எழுதுகிறவருக்கு அது தெரியாது. விளையாடுகிறவர் வந்த வேகத்தில் கதவைத் திறந்துவிடலாம். இல்லையென்றால் வாசலிலேயே நின்று, சுவரில் மாட்டியிருக்கிற படங்களை எல்லாம் பார்த்து, இடையில் போன் வந்தால் பேசி, காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தும் திறக்கலாம். அதுவரைக்கும் இசை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அலுக்கவும் கூடாது.

கேம் இசைக்காக ஆர்கெஸ்ட்ரேஷன் (எதை எந்த வாத்தியம் வாசிப்பது என்று பிரித்து எழுதும் கலை) படிக்க வருகிற எவரும் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான் என்று நம்புகிறேன். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரப்போகிறது, தவிர்க்க முடியாது. எந்த இடத்தில் அது நிற்கும் என்பதும் நம் கையில் இல்லை. அப்படியிருக்கும்போது இடம் மாறிவிட்டது, பொழுது சாய்ந்துவிட்டது, ஆபத்து நெருங்கிவிட்டது என்பதை எல்லாம் எதை வைத்துச் சொல்வது? வாசிப்பது யார் என்பதை வைத்துத்தான். ஃப்ளூட் வாசித்த அதே நான்கு பாரை (தாளச் சுற்றை) கனத்த கீழ்க்குரல் ஊதுவாத்தியமான பஸ்ஸூனிடம் கொடுத்துப் பாருங்கள், ஒரு சுரம்கூட மாறாமல் காட்சி மாறிவிடும். சினிமாவில் மெட்டும் தாளமும் பாதி கதையைச் சுமக்கும். கேமில் அந்தச் சுமை ஆர்கெஸ்ட்ரேஷன் தலையில்தான் விழுகிறது.

நான் பாளையங்கோட்டைக்காரி. சிறு வயதிலிருந்தே தேவாலயக் கொயரில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடியவள். பாமாலைப் பாடல்களை நான்கு குரலில், டோனிக் சோல்ஃபா எழுத்துகளை (டோ, ரே, மி-யின் முதல் எழுத்துகளை) வைத்துத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்து கோட்டில் எழுதுகிற ஸ்டாஃப் நொட்டேஷன் அப்புறம் வந்தது. இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன், பகலில் வேறு வேலை. சாயங்காலங்களில், இரண்டு நண்பர்கள் சேர்ந்து உருவாக்குகிற ஒரு சிறிய கேமுக்கு இசை எழுதுகிறேன். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டில் நடக்கிற கதை அது. காணாமல் போன ஆட்டைத் தேடி ஒரு சிறுமி செம்மணல் மேடுகளில் நடக்கிறாள், அவ்வளவுதான்.

ஆல்டோ பாடியது எனக்குப் பெரிய துணை. ஆல்டோவுக்கு மெட்டு கிடைப்பது அபூர்வம். சோப்ரானோ மேலே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது நாங்கள் ஒரே சுரத்தில் நின்று, ஒரு படி இறங்கி, மறுபடி பழைய இடத்துக்கே வருவோம். ஆனால் அந்த ஒரு படி இறங்கும்போதுதான் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) மாறும், பாட்டின் முகமே மாறும். ஆர்கெஸ்ட்ராவில் வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), இரண்டாவது கிளாரினெட், நடு ஹார்ன்கள் எல்லாம் எங்கள் இனம். வெளியே தனியாகத் தெரியமாட்டார்கள். எடுத்துவிட்டால் மொத்தமும் வெறிச்சோடிவிடும். ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு ஒவ்வொரு குரலும் எவ்வளவு குறைவாக நகர முடியுமோ அவ்வளவு குறைவாக நகர வேண்டும் என்று கொயர் மாஸ்டர் சொல்லிச் சொல்லிப் பழக்கியது, இன்று வியோலாவுக்கு எழுதும்போது தானாக வருகிறது. கொயரில் நடுக்குரல் பாடியவர்கள் யாராவது இதைப் படித்தால், தைரியமாக ஆர்கெஸ்ட்ரேஷன் பக்கம் வாருங்கள். உங்களுக்குப் பாதி தெரியும்.

படிப்பதற்கு என்று கேட்டால் நான் முதலில் சொல்வது ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி கோர்சகோவின் 'ஆர்கெஸ்ட்ரேஷன் கொள்கைகள்'. 1908-ல் அவர் காலமான பிறகு, அவருடைய மருமகன் மாக்ஸிமிலியன் ஸ்டைன்பெர்க் தொகுத்து 1913-ல் வெளிவந்த புத்தகம். ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த மனிதரின் கதையும் எனக்குப் பிடிக்கும். அவர் ரஷ்யக் கடற்படை அதிகாரி. 1871-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரி அவரைப் பேராசிரியராக அழைத்தபோது, முறையாக இசைக் கோட்பாடு படித்திருக்கவில்லை. மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதைத் தானும் சேர்ந்து படித்துக்கொண்டேதான் பாடம் நடத்தினார். 1873-ல் கடற்படை பேண்டுகளைக் கண்காணிக்கும் பொறுப்பு வந்தது. அப்போது காற்று வாத்தியங்களைக் கையில் எடுத்து, ஊதி, விரல் வைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஆர்கெஸ்ட்ரேஷனுக்குப் பேர்போன ஒருவர் அதைக் கற்றுக்கொண்டது வேலையில் சேர்ந்த பிறகுதான். தனியாகப் படிக்கிற நமக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எது?

அந்தப் புத்தகத்தில் ஒரு கணக்கு வருகிறது. சத்தமாக வாசிக்கும் இடங்களில் ஒரு ட்ரம்பெட்டோ ஒரு ட்ரோம்போனோ இரண்டு ஹார்னுக்குச் சமம். ஒரு ஹார்ன் இரண்டு வுட்விண்டுக்கு (ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன் வகை) சமம். சத்தம் குறைத்து வாசிக்கும் இடங்களில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கார்டு எழுதிப் பாருங்கள். மூன்று சுரம், சத்தமாக வேண்டும். ஒன்று ட்ரம்பெட்டிடம், ஒன்று ஒரே ஒரு ஹார்னிடம், ஒன்று ஒரே ஒரு ஃப்ளூட்டிடம் என்று பிரித்தால், காகிதத்தில் கார்டு முழுமையாக இருக்கும், காதில் ட்ரம்பெட் மட்டும்தான் இருக்கும்.

அடுத்தது ஒவ்வொரு வாத்தியமும் எந்த உயரத்தில் எப்படிப் பேசும் என்பது. ஃப்ளூட்டின் கீழ் எண்மம் (ஆக்டேவ்) மென்மையானது, காற்று கலந்தது, பக்கத்தில் யாராவது கொஞ்சம் குரல் உயர்த்தினால் காணாமல் போய்விடும். ஓபோ நேர்மாறு. கீழே போகப் போகத் தடித்து முரட்டுத்தனமாகும், அங்கே சத்தம் குறைத்து வாசிப்பதே கஷ்டம். கிளாரினெட்டுக்குக் கீழே இருட்டான ஒரு குரல், மேலே பிரகாசமான ஒரு குரல், நடுவில் தொண்டை அடைத்த மாதிரி சில சுரங்கள். பஸ்ஸூன் மேலே ஏறினால் யாரோ அழுகையை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதால் பிரயோஜனம் இல்லை. ஒரு வாத்தியத்தை ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, அதற்கென்று எழுதப்பட்ட தனி இசையை ஸ்கோர் என்கிற இசைத்தாளோடு கேட்டு, அதன் மெட்டுகளைக் கூடவே பாடிப் பார்ப்பதுதான் எனக்குச் சரிப்பட்ட வழி. பாடும்போதே எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். மூச்சு பற்றிய ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை வாசிக்கிறவருக்குக் காற்று போதாது. ஓபோ வாசிக்கிறவருக்கோ காற்று வெளியே போகாது. வாயில் வைத்து ஊதுகிற ரீடின் துளை அவ்வளவு சிறியது. உள்ளே தங்கிவிட்ட பழைய காற்றை வெளியேற்றத்தான் அவருக்கு இடைவெளி வேண்டும். ஸ்கோரில் ஓபோவுக்கு ஒரு ஓய்வுக் குறி போடும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

கம்ப்யூட்டரில் சாம்பிள் லைப்ரரி (நிஜ வாத்தியங்களைச் சுரம் சுரமாகப் பதிவு செய்த ஒலித்தொகுப்பு) வைத்து எழுதுகிறவர்களுக்கு இந்த அறிவு இரட்டிப்பாகத் தேவை. ஏனென்றால் அங்கே யாரும் நம்மைத் தடுக்கமாட்டார்கள். கீழ் எண்மத்து ஃப்ளூட்டின் ஃபேடரை (சத்தத்தைக் கூட்டும் நெம்பை) ஏற்றிவிட்டால் மூன்று ட்ரோம்போனையும் அது ஜெயித்துவிடும். ஹார்ப்பில் ஏழு பெடல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. நிஜத்தில் சுரங்களை மாற்றக் கால் வேலை செய்ய நேரம் வேண்டும். சாம்பிளுக்கு அந்தக் கவலையே இல்லை. 'நான்கு ஹார்ன்' என்று பெயர் போட்ட ஒலியை எடுத்து மூன்று சுரக் கார்டு வாசித்தால், கேட்பது பன்னிரண்டு ஹார்ன். கேட்க அமோகமாக இருக்கும். ஆனால் எல்லாமே அமோகமாக இருந்தால், புயல் வரும்போது எதைப் பெரிதாக்குவது?

அதனால் நான் முதலில் மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருளில் நொட்டேஷனாக எழுதிவிடுகிறேன். வரிசை வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும்போது யார் சும்மா இருக்கிறார்கள், யார் மூச்சுவிடாமல் ஊதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது உடனே தெரியும். அப்புறம்தான் ரீப்பர் என்ற பதிவு மென்பொருளுக்குக் கொண்டுபோய், கீபோர்டில் ஒலியின் வலுவை ஏற்றி இறக்குகிற மாட் வீலைக் கையில் பிடித்து ஒவ்வொரு வரியாக வாசித்துப் பதிவு செய்வது. ஆரம்பிப்பதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. மியூஸ்ஸ்கோர் இலவசம், அதற்கான மியூஸ் சவுண்ட்ஸ் ஒலிகளும் இலவசம். ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா லைப்ரரியில் 'டிஸ்கவர்' என்று ஒரு சிறிய பதிப்பு உண்டு. ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவும் அதில் இருக்கிறது. பெரிய லைப்ரரி வாங்கிய பிறகு படிக்கலாம் என்று காத்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு என் பதில் இதுதான்: இருப்பதை வைத்து இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

எனக்கு மிக அதிகம் கற்றுக்கொடுத்த பயிற்சி ஒன்று உண்டு. அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி 1874-ல் பியானோவுக்கு எழுதிய 'ஒரு கண்காட்சியின் ஓவியங்கள்'. அதை பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 1922-ல் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதினார். இரண்டு ஸ்கோருமே இணையத்தில் கிடைக்கின்றன. ராவெல் 1937-ல் இறந்தவர் என்பதால் இந்தியாவில் காப்புரிமைச் சிக்கலும் இல்லை. ராவெலைத் திறக்காமல் பியானோ ஸ்கோரை மட்டும் எடுத்து, ஒரு பகுதியை நாமே ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுத வேண்டும். முடித்த பிறகுதான் ராவெல் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். விடைத்தாளும் ஆசிரியரும் ஒரே இடத்தில்.

தொடக்கத்தில் வருகிற 'நடை' என்ற பகுதியை ராவெல் ஒரே ஒரு ட்ரம்பெட்டிடம் கொடுக்கிறார், அதற்குப் பதில் சொல்வதுபோல் பிராஸ் (பித்தளை ஊதுவாத்தியக்) கூட்டம் சேர்ந்து வருகிறது. 'பழைய கோட்டை'யில் பாடுவது ஆல்டோ சாக்ஸபோன். ஆர்கெஸ்ட்ராவில் வழக்கமாக இல்லாத ஆள் என்பதால், அந்தக் கோட்டைக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு குரல் கிடைத்துவிடுகிறது. இந்த யோசனையை அப்படியே கேமுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஓர் இடத்துக்கு மட்டும் சொந்தமான வாத்தியம் ஒன்றை ஒதுக்கி, வேறு எங்கும் அதைப் பயன்படுத்தாமல் இருந்தால் போதும். விளையாடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டாலும் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடுவார்.

நான் அதிக நாள் தங்கியது அதே படைப்பின் 'பிட்லோ' என்ற பகுதியில். பெரிய சக்கரம் வைத்த மாட்டுவண்டி ஒன்று போகிறது. முசோர்க்ஸ்கியின் கையெழுத்துப் பிரதியில் அது ஆரம்பத்திலேயே முழுச் சத்தத்தோடு தொடங்குகிறது, வண்டி நம் கண்ணெதிரில் நிற்கிற மாதிரி. ரிம்ஸ்கி கோர்சகோவ் திருத்திய 1886 பதிப்பிலோ சன்னமான சத்தத்தில் தொடங்கிப் பெரிதாகிறது. ராவெல் கையில் இருந்தது இந்தத் திருத்திய பதிப்பு. ஆகவே அவருடைய வண்டி தூரத்திலிருந்து வருகிறது. டியூபா தனியாக மெட்டைச் சுமக்கிறது, அதுவும் தனக்கு வசதியில்லாத உயரத்தில், முக்கி முனகி. கீழே கனமான தந்திகளும் பஸ்ஸூன்களும் சக்கரத்தை உருட்டுகின்றன. பிறகு தந்திகள் ஒட்டுமொத்தமாக மெட்டை எடுத்துக்கொள்கின்றன, டிரம் சேர்கிறது, வண்டி நம்மைத் தாண்டிப் போகிறது. மறுபடி டியூபா, மறுபடி தூரம்.

இதில் நான் பார்த்தது என்னவென்றால், தூரத்தை ராவெல் சத்தத்தை வைத்து மட்டும் காட்டவில்லை. வண்டி பக்கத்தில் வந்ததும் ஆட்கள் மாறுகிறார்கள். கேம் எஞ்சினில் ஒலியைக் குறைத்துத் தூரத்தைக் காட்டுவது ஒரு நிமிட வேலை. எல்லோரும் செய்வதும் அதுதான். ஆனால் நிஜத்தில் தூரத்து இசை வெறுமனே சின்னதாகிவிட்ட பக்கத்து இசை அல்ல. எத்தனை பேர் வாசிக்கிறார்கள், எந்த உயரத்தில், என்ன சிரமத்தோடு என்பதெல்லாம் சேர்ந்துதான் காதுக்குத் தூரமாகிறது. ஒரு கிராமத்துக் கோயில் கொடையை மேட்டின் மேலிருந்து கேட்பதும், பந்தலுக்குள் நின்று கேட்பதும் வேறு வேறு இசை. எங்கள் கேமில் சிறுமி மேட்டில் நிற்கும்போதும் ஊருக்குள் வந்த பிறகும் ஒரே மெட்டைத்தான் கேட்கிறாள். மேட்டில் அதை வாசிப்பது ஒரே ஒரு கிளாரினெட்.

கேம் இசையில் இதைப் பெரியவர்கள் முன்பே செய்து வைத்திருக்கிறார்கள். 1985-ல் கோஜி கோண்டோ சூப்பர் மாரியோவுக்கு எழுதியபோது அந்த நின்டெண்டோ கருவியில் இருந்தது இரண்டு பல்ஸ் ஒலி, ஒரு முக்கோண அலை, இரைச்சலுக்கு ஒன்று, ஒரு எளிய சாம்பிள் வழி, ஐந்தே வழிகள். அடுத்து வந்த சூப்பர் நின்டெண்டோவில் எட்டுக் குரல், ஒலிக்கென்று 64 கிலோபைட் நினைவகம். நொபுவோ உவேமாட்சு 1994-ல் ஃபைனல் ஃபேன்டஸி 6-ல் ஓர் ஓபெரா காட்சியையே இதற்குள் எழுதினார். எட்டுக் குரலில் எழுதுவது நல்ல பயிற்சி, இன்றைக்கும். மெட்டை இன்னொரு வாத்தியத்தால் இரட்டிப்பாக்க ஆசை வரும்போது, எந்த நடுக்குரலைப் பலி கொடுக்கப் போகிறோம் என்று யோசித்தே ஆக வேண்டும்.

நான் மேலே சொன்ன விஷயத்துக்கு நேரடி உதாரணம் மங்க்கி ஐலண்ட் 2 என்ற கேம். 1991-ல் லூகாஸ்ஆர்ட்ஸில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் விளையாட்டுக்கு ஏற்ப இசையை மாற்றுகிற ஐமியூஸ் என்ற முறையை உருவாக்கினார்கள். வுட்டிக் என்ற ஊரில் ஒவ்வொரு வாசலுக்குள்ளும் நுழைய நுழைய, ஊரின் மெட்டு தடைபடாமல் அந்த இடத்துக்குரிய வேறு வாத்தியங்களுக்கு மாறும். வெளியே வந்தால் பழையபடி. 1998-ல் வந்த பான்ஜோ கஸூயி என்ற கேமில் கிரான்ட் கெர்க்ஹோப் சூனியக்காரியின் குகைக்கு ஒரே மெட்டைத்தான் எழுதினார். எந்த உலகத்தின் வாசலுக்குப் பக்கத்தில் போகிறோமோ அந்த உலகத்துக்கு ஏற்ற வாத்தியங்கள் மெல்ல ஏறி, மற்றவை இறங்கும். 2007-ல் வந்த சூப்பர் மாரியோ கேலக்ஸியில் விண்வெளி ஆய்வகத்துக்கு ஒரு வால்ட்ஸ், மூன்றடித் தாளத்து நடன இசை. ஆரம்பத்தில் அங்கே சிலர்தான் வாசிக்கிறார்கள். கதை முன்னேற முன்னேற, அதே வால்ட்ஸுக்கு ஆள் சேர்ந்துகொண்டே போய்க் கடைசியில் முழு ஆர்கெஸ்ட்ராவாகிவிடும். இடம் உயிர் பெறுகிறது என்று யாரும் வாயால் சொல்லவே வேண்டாம். 2012-ல் ஆஸ்டின் வின்டரி 'ஜர்னி'க்கு எழுதியதில் செல்லோதான் விளையாடுகிறவரின் குரல். கிராமி பரிந்துரை பெற்ற முதல் கேம் இசைத்தொகுப்பு அது. ஒரு மனிதரை ஒரு வாத்தியத்தோடு கட்டிவைத்து, கடைசிவரை அந்தக் கட்டை அவிழ்க்காமல் இருப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். எனக்கு அந்த இசையின் மேல் தனி மரியாதை.

இனி எங்கள் தேரிக்காட்டுக்கு வருகிறேன். முதல் சந்திப்பிலேயே புரோகிராம் எழுதுகிற தம்பி சொல்லிவிட்டான்: "அக்கா, அந்த மேட்டு மேல ஆளுங்க எவ்வளவு நேரம் நிப்பாங்கன்னு எனக்கே தெரியாது. எதுக்கும் தயாரா இருக்கிற மாதிரி எழுதிக்குடுங்க." அதனால் இசையைத் தனித்தனியே ஏற்றி இறக்கக்கூடிய அடுக்குகளாக எழுதினேன். எல்லாம் ஒரே வேகம், நிமிடத்துக்கு 72 அடி; எல்லாம் டி என்ற சுரத்தைச் சுற்றி. அடித்தளத்தில் மியூட் (ஒலியை அடக்கும் சிறு கருவி) போட்ட வியோலாவும் செல்லோவும் டி, ஏ என்ற இரண்டு சுரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான். மூன்றாவது சுரத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கார்டைப் பிரகாசமான மேஜராக்குவதும் சோகமான மைனராக்குவதும் அந்த மூன்றாவது சுரம்தான். அதை மேலே வருகிற கிளாரினெட் எடுத்துவந்து வைக்கும். பகலில் எஃப் ஷார்ப் வைத்தால் தரை முழுக்க வெயில். பொழுது சாய்ந்ததும் அதே மெட்டை பஸ்ஸூன் அரைச் சுரம் கீழே, எஃப் இயல்பில் வைக்கிறது. அடித்தளம் துளியும் மாறவில்லை, ஆனால் அது மாறிவிட்ட மாதிரி கேட்கும். இந்த ஒரு இடத்துக்காகவே நான் இந்த கேமுக்கு எழுதுவதை ரசிக்கிறேன்.

டபுள் பாஸை அடித்தளத்தில் சேர்க்கவில்லை. கீழே பாஸ் இல்லாத தந்திகள் காலூன்றாமல் மிதக்கும். வழி தெரியாமல் நடக்கிற பிள்ளைக்கு அது பொருத்தம். பாஸ் முதன்முதலாக நுழைவது ஆபத்து வரும்போதுதான். அதனால் அது வந்ததுமே, மெட்டு மாறாவிட்டாலும், வயிற்றில் ஏதோ விழுகிறது. அடுக்கு முறையில் எழுதுகிறவர்கள் இதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும்: எந்த அடுக்கு தனியாக ஒலித்தாலும் அரைகுறையாகத் தோன்றக் கூடாது, எந்த இரண்டு சேர்ந்தாலும் ஒன்றையொன்று மிதிக்கக் கூடாது. ஒரு மெட்டைக் கிளாரினெட் ஓர் அடுக்கிலும் ஃப்ளூட் இன்னோர் அடுக்கிலும் வாசிக்கிறது என்றால், இரண்டும் ஒரே உயரத்தில் சந்திக்கும்போது இரண்டின் தனித்தன்மையும் போய்விடும். நான் ஃப்ளூட்டை ஒரு எண்மம் மேலே வைத்திருக்கிறேன். தனியாகக் கேட்டால் காலை மாதிரி. கிளாரினெட்டோடு சேர்ந்தால் கிளாரினெட்டின் மேல் விழுகிற வெளிச்சம் மாதிரி.

அடுக்கு மாறுவது பாரின் தொடக்கத்தில்தான் நடக்க வேண்டும் என்று எஃப்மாட் என்ற கேம் ஒலி மென்பொருளில் வைத்திருக்கிறோம். 72 வேகத்தில் நான்கடி பார் ஒன்று சுமார் 3.3 நொடி. பொழுது சாய 3.3 நொடி தாமதமானால் பரவாயில்லை. பாம்பு குறுக்கே வரும்போது அவ்வளவு காத்திருக்க முடியாது. அதற்குத் தனியாக டிம்பனி என்ற பெரிய முரசில் ஓர் அடியும், செல்லோ பாஸின் பிட்சிகாட்டோவும் (விரலால் மீட்டுவது), வெறும் டி சுரத்தில். மெட்டு எந்த இடத்தில் இருந்தாலும் உடனே மேலே விழலாம், எதோடும் இடிக்காது. அதன் அதிர்வு அடங்குவதற்குள் அடுத்த பார் வந்து ஆபத்து அடுக்கு ஏறிவிடும்.

முடிந்ததும் முதலுக்கே திரும்பி ஓடுகிற லூப்பை வெட்டும் முறையும் ஆர்கெஸ்ட்ராவில் கொஞ்சம் கவனம் கேட்கிறது. கடைசி பாரின் எதிரொலி இன்னும் அடங்காமல் இருக்கும்போது முதல் பாருக்குத் தாவினால், அறையின் காற்றை யாரோ திடீரென்று நிறுத்திய மாதிரி கேட்கும். அதனால் முழுத் துண்டையும் தொடர்ந்து இரண்டு தடவை ஓடவிட்டுப் பதிவு செய்து, இரண்டாவது தடவையை மட்டும் வெட்டி எடுக்கிறேன். அதன் தொடக்கத்தில் முதல் தடவையின் எதிரொலி ஏற்கெனவே கலந்திருக்கும். வெட்டு இருக்கிற இடத்தில் யாரும் மூச்சு எடுக்காமலும் பார்த்துக்கொள்கிறேன். ஒரு குரல் தாண்டிப் போகும்போது இன்னொரு குரல் நுழைந்தால் தையல் தெரியாது.

இசை மட்டும் தனியாக ஒலிக்கிற இடம் கேமில் குறைவு. மணலில் கால் புதையும் ஓசை, பனை ஓலைச் சலசலப்பு, ஆட்டு மணி, அந்தப் பிள்ளை பேசுகிற நான்கு வார்த்தை. பேச்சு தெளிவாகக் கேட்க உதவுகிற அதே உயரத்தில்தான் ஓபோவின் கூர்மையும் இருக்கிறது. பேச்சு வரக்கூடிய இடங்களில் ஓபோவையும் வயலினின் மேல் தந்தியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, கீழ் கிளாரினெட்டுக்கும் வியோலாவுக்கும் வேலை கொடுக்கிறேன். மிக்ஸிங்கில் ஈக்யூ (ஒலியின் சில உயரங்களை மட்டும் குறைக்கும் கருவி) வைத்துக் குடைவதைவிட, எழுதும்போதே இடம் விடுவது எனக்கு நியாயமாகத் தோன்றுகிறது. ஆட்டு மணியின் சுருதியையும் பதிவு செய்த நண்பரிடம் கேட்டு வாங்கி, அந்தச் சுரத்தை ஹார்ப்பிடமிருந்து எடுத்துவிட்டேன். அந்தச் சுரம் இந்த கேமில் ஆட்டுக்கு மட்டுமே சொந்தம்.

முழு ஆர்கெஸ்ட்ராவைப் பதிவு செய்ய எங்களைப் போன்றவர்களிடம் பணம் கிடையாது. ஆனால் சாம்பிள் தந்திகளின் மேல் நிஜமான ஒரே ஒரு செல்லோவை வைத்தால் மொத்தக் கூட்டமும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். சென்னையில் இருக்கும் மூத்த செல்லோ கலைஞர் ஒருவர் இறுதிக் காட்சிக்கு வாசித்துக்கொடுத்தார். எங்கே வில்லைத் திருப்புவது என்பதை அவருக்கே விட்டிருந்தேன். ஸ்கோரைப் பார்த்துவிட்டு போனில் சொன்னார்: "இவ்வளவு நீளத்தை ஒரே வில்லுல இழுத்தா கடைசி நோட்டுக்கு வில்லே மிச்சம் இருக்காதும்மா. மூணாவது பார்ல திருப்பிக்கிறேன், அங்க உன் மெட்டும் மூச்சு எடுக்குது பாரு." அவர் சொன்ன இடத்தைப் பாடிப் பார்த்தேன், பாடகிக்கும் அங்கேதான் மூச்சு. இப்போது ஒரே வில்லில் வாசிக்கச் சொல்லும் ஸ்லர் குறி போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் பாடுகிறேன், காற்றில் வில்லையும் இழுத்துப் பார்க்கிறேன். உங்கள் ஊரில் வயலின் வகுப்பு எடுப்பவரோ, பேண்டில் ட்ரம்பெட் ஊதுபவரோ, கொயரில் பாடுபவரோ இருந்தால் போய்ப் பேசுங்கள். இரண்டு பார் எழுதிக்கொண்டுபோய் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். புத்தகம் சொல்லாததை எல்லாம் அவர்கள் சொல்வார்கள்.

இப்போது புயல் காட்சியை எழுதிக்கொண்டிருக்கிறேன். தேரியில் காற்று அடித்தால் மேடே இடம் மாறும், அதனால் மெட்டின் மேல்குரலும் கீழ்க்குரலும் இடம் மாறிக்கொள்கிற மாதிரி யோசித்திருக்கிறேன். செல்லோ மேலே ஏறிப் பாட, வயலின்கள் தங்கள் கடைசித் தந்தியான ஜியில் கீழே நிற்கும். அதற்கு மேல் நான்கு ஹார்ன் போதுமா, ட்ரோம்போனும் வேண்டுமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ரிம்ஸ்கி கணக்குப்படி இரண்டு ட்ரோம்போன் வந்தாலே நான்கு ஹார்னும் சமமாகிவிடும். இதுவரை இந்த கேமில் ட்ரோம்போன் ஒரு சுரம்கூட ஊதவில்லை. முதல் தடவை வரும்போது அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். இந்த வாரம் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் கொடுக்கப்போகிறேன், எஞ்சினில் ஓடவிட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.